தீவகத்தார் குடியிருக்க எந்நகர் நன்று?

குடியிருப்பதற்கு எந்த நகரம் நல்லது என்னும் கேள்வி நகரத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. அவர்களுக்குத் தாம் பிறந்த நகரமே நல்ல நகரம். பெருநிலத்துக் கிராமவாசிகளுக்கும் அஃது அடிக்கடி எழுவதில்லை. அயலிலே எந்தப் பட்டினம் இருக்கின்றதோ அதுவே அவர்களுடைய பட்டினம். இக்கேள்வியை ஓயாது கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தீவுகளிலே பிறந்தவர்கள். என்றோ ஒருநாள் கடலைக் கடந்து வேறோர் ஊரிலே குடியேற வேண்டிவரும் என்ற நினைவோடு வளர்பவர்கள் அவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். ஆகையால், இன்று நேயர்களோடு இவ்விடயத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாமென்று எண்ணுகின்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் கடலிலே சிதறிக் கிடக்கின்ற தீவுகளை நேயர்கள் அறிவீர்கள். வேலணைத் தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, காரைநகர் என்பன அவற்றின் பெயர்கள். ஊர்காவற்றுறை என்னும் பழந்துறைமுகம் வேலணைத் தீவின் வடமேற்கு மூலையிலே உள்ளது. இவற்றுட் சில இன்று தாம்போதிகளாற் பெருநிலத்தோடு பிணைக்கப்பட்டுவிட்டன. பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணைக்குப் போகலாம். அங்கிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்குப் போகலாம். புங்குடுதீவின் மேற்கு முனையிலே குறிகட்டுவான் இறங்குதுறையோடு பாதை முடிந்துவிடும். அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். நயினாதீவுக்குக் கால் மணி அல்லது இருபது நிமிடம் போதும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும், கடல் இணங்கினால்.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைநகர் அவர்களுக்கு அம்ஸ்ரர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். இவற்றுள் டெல்ஃப்ற் என்ற பெயர் மாத்திரமே இன்றும் ஆங்கிலத்திலே பெருவழக்காய் நிலைத்திருக்கின்றது. ஒல்லாந்தன் செய்ததைக் கண்டு நாம் சிரிக்க வேண்டியதில்லை. ஊரை விட்டு வந்தவன் ஊரின் பெயரையாவது கையிலே எடுத்துக்கொண்டு வருவது இயல்பு. கொழும்பிலும் வன்னியிலும் கனடாவிலும் நம்மவர்கள் தங்கள் தீவின் பெயரால் சங்கம் அமைத்துக் கூடுவதும் அதே இயல்பினாலன்றோ?

இனி, சென்ற ஆண்டிலே ஒருநாள் குறிகட்டுவானில் நான் கேட்ட ஒரு விவாதத்தைக் கூறுகின்றேன். அன்று காற்று மிகுதி. நெடுந்தீவுப் படகு வருவதற்குத் தாமதமாயிற்று. துறையின் நிழற்கூரையின்கீழ்க் காத்திருந்தவர்களுள் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வியாபாரி ஒருவர், இளம் ஆசிரியை ஒருவர், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க வாலிபன் ஒருவன் ஆகிய நால்வரும் பேச்சிலே கலந்துகொண்டார்கள். நால்வரும் தீவுப் பிள்ளைகள். நால்வரும் நான்கு நகரங்களிலே குடியிருப்பவர்கள். திருவிழாவுக்கென்று ஊருக்கு வந்தவர்கள். யார் தொடங்கினாரென்று தெரியாது. எந்த நகரம் குடியிருக்கச் சிறந்தது என்ற வாதம் மூண்டுவிட்டது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் யாழ்ப்பாணத்தின் பக்கம் நின்றார். “1850 ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆஸ்பத்திரி அங்கே இருக்கின்றது. பேர்போன கல்லூரிகள் இருக்கின்றன. 1974 ஆம் ஆண்டு முதற் பல்கலைக்கழகமும் இருக்கின்றது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இருக்கின்றது. சந்தையிலே எங்கள் கருவாடும் விற்கும். அச்சுவேலிக் காய்கறியும் விற்கும். இதைவிட வேறென்ன வேண்டும்?” என்றார். யாழ்ப்பாணத்து நூல்நிலையத்தைப் பற்றிக் கூறும்போது அவர் குரல் தழுதழுத்தது. 1981 ஆம் ஆண்டிலே அது தீக்கிரையானதையும், பின்பு மீண்டும் கட்டியெழுப்பப்பட்டதையும் சொல்லி, “எரித்தாலும் திரும்பக் கட்டுகிற பட்டினம் எங்கள் பட்டினம்” என்று முடித்தார்.

“எல்லாம் சரி, மாஸ்டர், குடிக்கத் தண்ணீர்?” என்று வியாபாரி இடைமறித்தார். அவருடைய கடை திருகோணமலையிலே இருக்கின்றது. “உங்கள் பட்டினத்திலே ஆறு இல்லை, மலை இல்லை. சுண்ணாம்புக் கல்லின் கீழே கிடக்கிற மழைநீரை எல்லாரும் இறைக்கிறீர்கள். ஒரே வளவுக்குள்ளே கிணறும் மலசலகூடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. எங்கள் திருகோணமலையைப் பாருங்கள். உலகத்தார் போற்றும் இயற்கைத் துறைமுகம். கோணேசர் மலைமேலே இருக்கின்றார். கடல் எங்களுக்குப் பழகிய கடல். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே தெருவிலே கடை வைத்திருக்கிறோம்” என்றார். “2004 ஆம் ஆண்டு மார்கழியிலே அந்தப் பழகிய கடல் என்ன செய்தது, முதலாளி?” என்று ஆசிரியர் கேட்டார். வியாபாரி சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “கடலுக்குப் பயந்தால் நாங்கள் தீவிலேயே பிறந்திருக்கக் கூடாது, ஐயா” என்றார்.

இளம் ஆசிரியை மட்டக்களப்பிலே மணம் முடித்துக் குடியேறியவர். “நீங்கள் இருவரும் கல்லையும் கடலையும் பேசுகிறீர்கள். நான் மனிதரைப் பற்றிப் பேசுகிறேன்” என்று அவர் தொடங்கினார். மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அந்த மந்திரம் வேறொன்றுமில்லை, விருந்தோம்பலே என்று அவர் விளக்கினார். வயல் விளைகின்ற நாடு. பாலும் தயிரும் பெருகிய நாடு. மீன் பாடுகின்ற வாவி. அதன்மேலே 1924 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கல்லடிப் பாலம். விபுலாநந்த அடிகள் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய இடம். “அங்கே என்னை யாரும் ‘எந்தத் தீவு?’ என்று கேட்டு மட்டுக்கட்டவில்லை” என்று அவர் சொன்னபோது ஓய்வு பெற்ற ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். பட்டினத்திலே தீவார் என்ற சொல் எவ்வாறு ஒலிக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மட்டக்களப்புக்கும் குறையுண்டு என்று வியாபாரி நினைவூட்டினார். 1978 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்துப் புயல் அந்நகரை எப்படிச் சிதைத்தது என்பதையும், மாரி தோறும் வெள்ளம் வந்து தாழ்ந்த நிலங்களை மூடுவதையும் ஆசிரியை மறுக்கவில்லை.

வாலிபன் வவுனியாவிலே ஓர் இயந்திரத் திருத்துமிடத்தை நடத்துகின்றவன். “எங்கள் நகரத்துக்குப் பழம்பெருமை கிடையாது. ஆனால், அது எல்லாருக்கும் நடுவிலே இருக்கின்றது. வடக்கே யாழ்ப்பாணம், கிழக்கே திருகோணமலை, மேற்கே மன்னார், தெற்கே அநுராதபுரம், எங்கே போவதானாலும் வவுனியாவிலே நின்று திரும்பலாம். குளங்கள் இருக்கின்றன. 2021 ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமும் ஆயிற்று. முக்கியமாக ஒன்று: ஓடி வந்தவர்களை அந்த ஊர் ஏற்றுக்கொண்டது. என் தகப்பனார் புங்குடுதீவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தார்; இரணைமடுத் தண்ணீரிலே வயல் செய்தார்; அங்கிருந்தும் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தார். மூன்றாவது ஊரிலேதான் நாங்கள் வேரூன்றினோம்” என்றான்.

நான்கு கட்சிகளும் வலுவானவையே. நடுவர் ஒருவர் இருந்தால் அவருக்கும் தீர்ப்புக் கூறுதல் எளிதாயிருந்திராது. அவர்களுக்கு அருகே, ஒரு தூணிலே சாய்ந்தபடி, நெடுந்தீவு ஆச்சி ஒருத்தி இருந்தாள். மடியிலே ஒரு துணிப்பை. அதற்குள்ளே மருந்துப் போத்தல்கள். விடியற் படகிலே புறப்பட்டு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகின்றாள் என்பது பார்த்த அளவிலேயே புலப்பட்டது. அவளையும் பேச்சிலே சேர்த்துக்கொள்ள விரும்பிய ஆசிரியை, “ஆச்சி, நீங்கள் சொல்லுங்கள். எந்தப் பட்டினம் நல்லது?” என்று கேட்டார்.

ஆச்சி நால்வரையும் ஒருமுறை பார்த்தாள். “எனக்குப் பட்டினங்களைத் தெரியாது, பிள்ளை. ஒன்று கேட்கிறேன். நீங்கள் சொல்கிற ஊரிலே ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு கடைசிப் படகுக்கு முன்னே இங்கே வந்து சேரலாமா?” என்றாள்.

எவரும் மறுமொழி கூறவில்லை. திருகோணமலை அத்துறையிலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது, மட்டக்களப்பு அதனினும் தொலைவு, வவுனியா இடைத்தூரம். யாழ்ப்பாணத்துக்குப் போனவரே ஆஸ்பத்திரி வரிசையிலே சிறிது பிந்தினால் அன்றிரவைப் பட்டினத்திலேயே கழிக்க நேரிடும். ஆச்சி விதண்டாவாதம் பேசியவளல்லள். தன் வாழ்க்கையை அளக்கின்ற கோல் எதுவோ, அதனையே நீட்டிக் காட்டினாள்.

நேயர்களே, அன்றிலிருந்து இக்கேள்வியைப் பலவாறு எண்ணிப் பார்த்திருக்கின்றேன். திருவள்ளுவர் நாடு என்னும் அதிகாரத்திலே ஒரு நாட்டுக்கு உறுப்புகளாக நீர்வளத்தையும் மலையையும் அரணையும் எண்ணினார். தீவகத்து மக்களாகிய நாம் ஒரு நகரத்தை எண்ணிப் பார்ப்பதற்கு மூன்று அளவுகோல்கள் போதும் என்று எனக்குத் தோன்றுகின்றது. அவை தண்ணீர், வழி, அயல் என்பன. மூன்றையும் நமக்குக் கற்பித்தவை நமது தீவுகளே.

முதலிலே தண்ணீர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடல்நடுவில், கடற்கோட்டை ஒன்று இருக்கின்றது. போத்துக்கீசர் கட்டியது, ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்கீல் என்று பெயரிட்டனர். 1658 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது அக்கோட்டை வீழ்ந்தது மதில் இடிந்ததனால் அன்று. உள்ளே இருந்த தண்ணீர்த் தொட்டி சிதைந்தது. குடிக்க நீரின்றிக் காவற்படை சரணடைந்தது. சுற்றிலும் கடல், ஆயினும் தாகத்தினால் ஒரு கோட்டை வீழ்ந்தது. தீவிலே பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இக்கதையிலே புதுமை தோன்றாது. வேலணைச் சாட்டிப் பக்கத்திலே நன்னீர்க் கிணறுகள் உண்டு. புங்குடுதீவிலே பல கிணறுகள் உவர்ந்துவிட்டன. அங்கே குடிநீரை வாகனத்திலே ஏற்றி வந்து ஊற்ற வேண்டியிருக்கின்றது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரங்கள் வந்துள்ளன. யாழ்ப்பாணப் பட்டினமும் இவ்வகையிலே நமக்கு மூத்த சகோதரி என்று பெருமை பேச இயலாது. அதன் கிணற்று நீரும் மாசடைந்து வருகின்றது. 2024 ஆம் ஆண்டிலே தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டதற்கும் அதுவே காரணம். தண்ணீரை மாத்திரம் அளந்தால் வாவியும் வயலும் உள்ள மட்டக்களப்பும், குளங்கள் உள்ள வவுனியாவும் முன்னே நிற்கும். இதனை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

இரண்டாவது, வழி. நாகபூசணி அம்மன் கோயிலிலே பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ச் சாசனம் ஒன்று இருக்கின்றது. முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது. அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 ஆம் ஆண்டிலே பதிப்பித்தார். ஊராத்துறை என்று அதிலே குறிக்கப்படுவது நமது ஊர்காவற்றுறையே. பிற தேசத்து வணிகர் அத்துறைக்கு வந்து தங்க வேண்டும். அவர்களைக் காக்க வேண்டும் என்பது அதன் செய்தி. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு அரசனுடைய பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றைச் சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி என்றும் அது வகுத்திருக்கின்றது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னே அத்துறைக்கு இருந்த மதிப்பை இதனால் அறியலாம். அக்காலத்திலே நகரத்தைத் தேடி நாம் போகவில்லை. நகரத்தார் நம்முடைய துறையைத் தேடி வந்தார்கள். கடல்வழி இருந்தவரை ஊர்காவற்றுறை பட்டினமாயிருந்தது. வாணிகம் வேறு துறைகளுக்குப் போனபின் அதன் பண்டகசாலைகள் பாழாயின. இருந்த இடத்தைவிட்டு அது நகரவில்லை. அதற்கு வந்த வழிதான் நகர்ந்துவிட்டது.

வழி என்பது படகு மாத்திரமன்று. படகிலே அச்சமின்றி ஏறி அச்சமின்றி இறங்கும் நிலையும் ஆகும். 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் தேதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகிலே, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். நெடுந்தீவாருக்குத் தாய்வீடு போன்றிருந்த படகு அது. 1990 ஆம், 1991 ஆம் ஆண்டுகளிலே போரின் காரணமாகத் தீவுகளிலிருந்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள், பலர் திரும்பவேயில்லை. நகரத்தாரும் இந்நிலைக்குத் தப்பினார்களல்லர். 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே கண்டி வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணமே ஒரு தீவாயிற்று. கப்பலும் விமானமுமன்றி அதற்கு வேறு வழியில்லை. அப்பொழுது பட்டினத்து நண்பர் ஒருவர் என்னிடம், “இப்பொழுதுதான் உங்கள் ஊர்க் கஷ்டம் எங்களுக்குத் தெரிகிறது” என்றார். 1990 இலே நின்றுபோன புகையிரதம் 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே யாழ்ப்பாணத்தை மீண்டும் வந்தடைந்தபோது மக்கள் அதனைக் காணத் திரண்டதன் பொருளை எந்தத் தீவானும் உடனே உணர்வான். வழி திறந்தால் ஊர் உயிர்க்கும்.

மூன்றாவது, அயல். நயினாதீவைப் பற்றி மகாவமிசம் ஒரு கதை சொல்லுகின்றது. ஒரு மணியாசனத்தின் பொருட்டு மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் போருக்கெழுந்தனர் என்பதும், புத்தர் பெருமான் எழுந்தருளி அவர்களைச் சமாதானப்படுத்தினார் என்பதும் அக்கதை. மணிமேகலைக் காவியத்து மணிபல்லவம் நயினாதீவே என்று கருதுவோர் பலர். அமுதசுரபி கிடைத்த அந்தத் தீவையும் நம்மவர் நயினாதீவிலேயே காண்கின்றனர். இன்று அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையிலே நிற்கின்றன. ஒரே படகிலே வந்த அடியார்கள் இறங்கி இரு திசையாகப் போய், வழிபாடு முடிந்ததும் அதே படகிலே திரும்புகின்றார்கள். இரண்டு பேருக்கு ஒரே ஆசனம் வேண்டுமென்றால் போர். அன்னம் ஒரு பாத்திரத்திலிருந்து எல்லாருக்கும் கிடைத்தால் அமைதி. ஒரு நகரத்தின் நன்மையை அளப்பதற்கு இதைவிட எளிய உரை எனக்குத் தெரியாது. அயலிலே இருப்பவனை எந்தத் தீவு, எந்த மதம், எந்தக் குலம் என்று கேளாமல் ஒரு குடம் தண்ணீர் அள்ளவிடுகின்ற தெருவே நல்ல தெரு. இந்த அளவுகோலை நீட்டினால் யாழ்ப்பாணத்தார் வெட்கப்பட வேண்டியது சிறிது உண்டு. தீவாருங்கூட வெட்கப்பட வேண்டியதுண்டு. நமது கிணறுகளும் ஒருகாலத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை.

இம்மூன்று கோல்களையும் கொண்டு அளந்தால் எந்நகர் வெல்லும்? இவ்விடத்திலே என் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும். என் தாயார் நெடுந்தீவிலே, பவளக்கல் மதில் சூழ்ந்த எங்கள் பழைய வளவிலே தனியாக இருந்தார். பட்டினத்துக்கு வந்து எங்களோடு இருக்குமாறு பலமுறை அழைத்தும் வரவில்லை. மாரிகால இரவொன்றிலே அவருக்கு நெஞ்சுநோய் கண்டது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, படகு விட முடியவில்லை. அயலவர்கள் அவரைச் சுற்றியிருந்து விடியும்வரை விழித்திருந்தார்கள். விடிந்தபின் கடல் தணிந்தது, படகிலே கொண்டுவந்தோம், பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு மூன்று ஆண்டுகள் எங்கள் பட்டினத்து வீட்டிலே இருந்தார். வைத்தியர் அருகிலே இருந்தார், குழாயிலே தண்ணீர் வந்தது, பேரப்பிள்ளைகள் சுற்றியிருந்தார்கள். ஆயினும், ஒவ்வொரு நாட்காலையிலும் அவர் கேட்ட முதற் கேள்வி, “தம்பி, இன்றைக்குக் கடல் எப்படி?” என்பதே. கடலைக் காணாத தெருவிலிருந்து கேட்ட கேள்வி அது.

அவரை அழைத்துவந்தது சரியா, பிழையா? இன்றைக்கும் எனக்குத் தீர்மானமான விடை இல்லை. ஆனால், ஒன்று விளங்கிற்று. எந்த நகரம் நல்லது என்று நாம் விவாதிக்கும்போது உழைக்கின்ற வயதுக்கே விடை தேடுகின்றோம். உழைக்கும் வயதிலே மனிதனுக்குத் திறந்த வாயில் வேண்டும். அவன் திருகோணமலைக்குப் போகட்டும், வவுனியாவுக்குப் போகட்டும். கரம்பனிலே 1913 ஆம் ஆண்டிலே பிறந்த தனிநாயகம் அடிகள் ஊரிலேயே தங்கியிருந்தால் 1966 ஆம் ஆண்டிலே கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியிருக்குமா? போகின்றவனைத் தடுப்பது அறமன்று. ஆனால், குழந்தைப் பருவத்திலும் நோயிலும் முதுமையிலும் மனிதனுக்கு வேண்டியது வேறு. கைக்கெட்டிய தூரத்திலே பள்ளி, வைத்தியர், தண்ணீர்; பெயர் சொல்லி அழைக்கும் அயல். இளைஞனுக்கு நல்ல நகரம் ஒன்று. அவனுடைய ஆச்சிக்கு நல்ல நகரம் வேறொன்று. இரண்டையும் ஒரே விடையாக்க முயன்றதாலேதான் குறிகட்டுவானிலே நால்வருடைய வாதமும் முடிவில்லாமற் போயிற்று.

எனினும், விவாதம் என்றால் தீர்ப்பும் வேண்டும். நமது தீவகத்துக் குடும்பம் ஒன்று, இளையோரும் முதியோருமாகச் சேர்ந்து, ஒரே நகரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டுமென்றால் நான் யாழ்ப்பாணத்தையே கூறுவேன். அதன் தண்ணீருக்காக அன்று. அதன் அயலுக்காகவும் அன்று. ஆச்சியின் கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய நகரம் நான்கினுள்ளும் அஃதொன்றே. அங்கே குடியிருப்பவன் விடுமுறை நாளிலே ஊருக்குப் போய்க் கிணற்றை இறைக்கலாம், வேலியை அடைக்கலாம், வடலியை நறுக்கலாம், கோயிலுக்கு எண்ணெய் கொடுக்கலாம், மாலையிலே திரும்பலாம். மற்ற நகரங்களிலே குடியேறியவன் ஊரை நினைத்துக்கொண்டிருப்பான். யாழ்ப்பாணத்திலே இருப்பவன் ஊரை வைத்துக்கொண்டிருக்கலாம்.

இத்தீர்ப்பு யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடனையும் வைக்கின்றது. தீவுகளின் பிள்ளைகளைக் கொண்டு வளர்ந்த பட்டினம் அது. நெடுந்தீவிலிருந்து மருந்துக்கு வருகின்ற முதியவளை முன்னே அழைத்து, படகு நேரத்துக்குள் அனுப்பிவிடும் ஒரு சிறிய ஒழுங்கைச் செய்வது அதற்கு இயலாத காரியமன்று. குறிகட்டுவானுக்குப் போகும் பேருந்தும் அங்கிருந்து புறப்படும் படகும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்குமாறு நேரம் வகுப்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நகரத்தின் பெருமை அதன் மணிக்கூட்டுக் கோபுரத்திலே இல்லை. அந்த மணிக்கூடு யாருடைய நேரத்தைக் காட்டுகின்றது என்பதிலே இருக்கின்றது.

நமக்கும் ஒரு கடன் உண்டு. எந்த நகரத்துக்குப் போவது என்று கேட்குமுன், ஏன் போக வேண்டியிருக்கின்றது என்றும் நாம் கேட்க வேண்டும். நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. பனையும், பெருக்குமரமும், கட்டாக்காலிக் குதிரைகளும், பவளக்கல் மதில்களும் உள்ள அத்தீவிலே 2012 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி வாழ்ந்தவர்கள் சுமார் 4,000 பேரே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றினாலும் வெயிலினாலும் மின்சாரம் ஆக்குவதற்கு 2022 ஆம் ஆண்டிலே இந்திய அரசோடு உடன்பாடு செய்யப்பட்டது. மின்சாரம் வரட்டும், நன்னீர் வரட்டும், இரவிலும் கடலிலே செல்லத்தக்க நோயாளர் படகு நிலையாகக் கிடைக்கட்டும். அப்பொழுதும் இளைஞர்கள் நகரங்களுக்குப் போவார்கள். ஆனால், விருப்பத்தினாலே போவார்கள். வேறு வழியின்றிப் போகமாட்டார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

அன்று குறிகட்டுவானிலே படகு வந்து சேர வெகுநேரமாயிற்று. வாதம் செய்த நால்வரும் ஆளுக்கொரு பொதியை எடுத்துக்கொண்டு முன்னே போனார்கள். வாலிபன் மாத்திரம் திரும்பிவந்து, ஆச்சியின் துணிப்பையை வாங்கிக்கொண்டு, அவளைக் கைப்பிடித்துப் படகிலே ஏற்றினான். “நீ எந்த ஊர், மோனை?” என்று ஆச்சி கேட்டாள். “வவுனியா” என்று தொடங்கியவன், சற்று நின்று, “புங்குடுதீவு, ஆச்சி” என்றான்.

என் தாயார் இன்று இல்லை. நெடுந்தீவு வீட்டை விற்றுவிடுமாறு பலர் கூறினார்கள். நான் விற்கவில்லை. ஆண்டுக்கு இருமுறை போய்க் கிணற்றை இறைத்துவிட்டு வருகின்றேன். தண்ணீர் இன்னும் நன்றாகவே இருக்கின்றது.